கை இளகும் இடம்

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு வரிசை வெட்டுப்பற்கள். கடைவாய்ப் பற்கள் வெகுதூரம் உள்ளே தள்ளித்தான் ஆரம்பிக்கும். நடுவில் மூன்று நான்கு விரல் அகலத்துக்குப் பல்லே இல்லாத வெற்று ஈறு. ஆண் குதிரைக்கு அங்கே ஒரு சிறு கோரைப்பல் முளைத்திருக்கும். பெண் குதிரைக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. ஈறுக்கு அடியில் தாடையெலும்பு விளிம்பாக ஒடுங்கியிருக்கிறது. மேலே போர்த்தியிருப்பது மெல்லிய சதை, அதற்குள் நரம்பு. கடிவாளத்தின் இரும்பு படுத்துக் கிடப்பது அந்த இடத்தில்தான், பாதி நாக்கின் மேல், பாதி ஈறின் மேல். நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணியை அறுபது கிலோ மனிதர் திருப்புவதும் நிறுத்துவதும் இந்தச் சின்ன இடத்தின் வலியை நம்பித்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குதிரையேற்றம் சொல்லித்தருகிற எல்லாரும் கை மென்மையாக இருக்கட்டும் என்கிறார்கள். அந்த மென்மை எங்கிருந்து வரும் என்று சொல்பவர்கள் குறைவு. பார்த்தும் படித்தும் ஏறியும் நான் தெரிந்துகொண்டது இது: கையை இளக்க முயன்று யாருடைய கையும் இளகியதில்லை. இடுப்பாலும் தொடையாலும் மூச்சாலும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளக் கற்ற பிறகுதான் ஒருவருடைய கைக்கு விடுதலை கிடைக்கிறது. அதற்கு முன் கைக்கு வேறு வேலை இருக்கிறது. விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலை.

மும்பை மான்குர்தில் குதிரை என்றால் கல்யாணக் குதிரைதான். நவம்பர் பிறந்ததும் சாயங்காலங்களில் மகாராஷ்டிரா நகர்ப் பக்கமோ லல்லுபாய் காம்பவுண்ட் பக்கமோ ஒரு வெள்ளைப் பெண்குதிரையைப் பார்க்கலாம். முதுகில் ஜரிகை போட்ட சிவப்பு வெல்வெட், காலில் சலங்கை, நெற்றியில் இறகுக் குஞ்சம். முன்னால் நாசிக் டோல், பின்னால் ஜெனரேட்டர் வண்டி, இரண்டு பக்கமும் விளக்குத் தூக்கிகள். காட்கோபர் இணைப்புச் சாலையில் தேவனார் குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கும். சரவெடி ஒன்றை யாரோ குதிரையின் காலடிக்கு நாலடி தள்ளிக் கொளுத்துவார்கள்.

மாப்பிள்ளையைக் கவனியுங்கள். பெரும்பாலும் வாழ்நாளில் முதல்முறையாக அன்றுதான் அவர் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். ஷெர்வானியின் கீழ்ப்பகுதி தொடையில் சிக்கி இழுக்கிறது. மோஜடி போட்ட பாதத்துக்கு அங்கவடி எட்டவில்லை. எட்டினாலும் அதை எப்படி மிதிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கையும் சேணத்தின் முன்மேட்டை இறுகப் பற்றியிருக்கின்றன. முழங்கால்கள் குதிரையின் விலாவை நெருக்குகின்றன. வாய் சிரிக்கிறது, தோள்கள் காதருகே ஏறி நிற்கின்றன. அடுத்து குதிரையைக் கவனியுங்கள். கழுத்து விறைத்து மேலே தூக்கியிருக்கிறது. ஒரு காது முன்னுக்கும் மறுகாது பின்னுக்குமாக மாறி மாறித் திரும்புகிறது. கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறது. அடி குறுகி, நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறது. வால் சுழற்றி அடிக்கிறது. கூட்டத்தில் ஒருவர் உற்சாகமாகச் சொல்வார்: “பாரு, எப்படி ஆடுது!”

அந்தக் குதிரை ஆடவில்லை. ஓட வழியில்லாமல் நிற்கிறது.

அதன் தலையருகே நடந்துவருகிறவர் கடிவாளத்தை மோவாய்க்கு ஒரு சாண் கீழே பிடித்திருக்கிறார். பல குதிரைகளின் வாய்க்குள் இருப்பது சாதாரண இரும்பு இல்லை. முள் வைத்த வளையங்கள் கோத்த கடிவாளம். காண்டா லகாம் என்று இங்கே பெயர். இழுத்தால் நாக்கிலும் உதட்டோரத்திலும் அந்த முட்கள் பதியும். இந்தியச் சட்டம் இதைத் தடை செய்து அறுபது வருடம் ஆகிறது. சுமை இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளில் எட்டாவது விதி, முள்ளோ புடைப்போ உள்ள கடிவாளம் கூடாது என்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, முள் வாயில் இருக்கிறது.

குதிரைக்காரரை வில்லனாக்கி முடித்துவிட எனக்கு மனமில்லை. மேலே பயந்துபோன ஒரு மனிதர், சுற்றிலும் வெடி, காலடியில் குழந்தைகள். குதிரை ஒரு முறை மிரண்டு பாய்ந்தால் யாருக்காவது எலும்பு முறியும், அவருடைய பிழைப்பு அன்றோடு போகும். முதுகின் மேலிருந்து குதிரைக்குத் தைரியம் சொல்ல ஆள் இல்லாதபோது, வாயில் முள் வைத்துக் கட்டுகிறார்கள். மேலே உட்காருகிறவரின் ஒழுங்கான இருப்பு செய்ய வேண்டிய வேலையை இரும்பைச் செய்யச் சொல்லியிருக்கிறோம். இது கல்யாண ஊர்வலத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. பணம் கட்டிப் பயிலும் சவாரி மைதானங்களிலும், வாயில் முள் இல்லாவிட்டாலும், இதே கணக்குதான் நடக்கிறது.

பயந்த உடம்பு சுருங்கும். இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். குதிரைமேல் இருப்பவர் பயந்தால் முதலில் முழங்கால் இறுகும். முழங்கால் இறுகினால் அதையே அச்சாகக் கொண்டு உடம்பு மேலே நெம்பப்படும்; பிட்டம் சேணத்திலிருந்து எழும்பும், குதிகால் மேலே போகும். எடை உயரப் போனதால் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஆட்டம் காணும். ஆட்டம் கண்ட உடம்பு பிடிமானம் தேடும். கையில் ஏற்கெனவே இருப்பது கடிவாள வார் மட்டுமே. அவர் நினைத்துப் பார்த்து இழுக்கவில்லை. நிலைதடுமாறும் ஒவ்வொரு முறையும் வார் தானாக இழுபடுகிறது, அது நேரே அந்தப் பல்லில்லாத ஈறில் போய் முடிகிறது. வலித்த குதிரை தலையைத் தூக்கும். தலை தூக்கினால் முதுகு குழியும், முதுகுத் தசை மரக்கட்டையாகும். கட்டையான முதுகு சவாரி செய்பவரை இன்னும் பலமாகத் தூக்கிப் போடும். அவர் இன்னும் இறுகுவார். இந்தச் சுற்றைக் குதிரையால் உடைக்க முடியாது. உடைக்கக்கூடியவர் மேலே இருக்கிறார்.

குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நமக்குத் தோளையும் மார்பையும் இணைக்க எலும்பு இருக்கிறது. குதிரையின் மார்புக்கூடு முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் வெறும் தசைகளால் தூளிபோடப்பட்டுத் தொங்குகிறது. அந்தத் தசைகள் தளர்ந்து வேலை செய்யும்போது முன்பக்கம் உயர்ந்து, முதுகு மிதந்து, சவாரி சுகமாகிறது. பதற்றத்தில் அவை இறுகினால் மொத்த மார்பும் தோள்களுக்கிடையே அமிழ்ந்துவிடும். அப்படி அமிழ்ந்த குதிரையை வாயை இழுத்து வளைத்து அழகாக நிறுத்தலாம். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். முதுகு மட்டும் பொய் சொல்லாது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் சவாரி செய்பவரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும் என்பார்கள். குதிரையைத் திடீரென்று அடியிலிருந்து உருவிவிட்டாலும் அவர் தன் காலில் நிற்பவராக இருக்க வேண்டும் என்று இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. நாற்காலியில் உட்காருவதுபோலக் கால்களை முன்னே நீட்டியவர் மல்லாக்க விழுவார். முன்னால் குனிந்தவர் முகங்குப்புற விழுவார். இன்னொரு கோடு முழங்கையிலிருந்து முன்கை, வார் வழியாகக் குதிரையின் வாய்வரை. இந்தக் கோடுகளை விறைப்பாக நின்று வரைந்துவிட முடியாது என்பதுதான் கஷ்டம். நடக்கும்போது குதிரையின் முதுகு இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை தாழ்கிறது; இடுப்பு அதோடு போக வேண்டும். தொடை தளர்ந்து தொங்க வேண்டும். கணுக்கால் அதிர்ச்சியை வாங்கி விழுங்க வேண்டும். அசையாமல் இருப்பதாகத் தெரிகிறவர்தான் உள்ளுக்குள் அதிகம் அசைந்துகொண்டிருக்கிறார்.

இப்போது கைக்கு வரலாம். சாதாரண நடையில் குதிரை ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டும். சவாரி செய்பவர் கையை ஆடாமல் வைத்திருந்தால், அவர் சாதுவாக இருப்பதாக எண்ணிக்கொண்டே குதிரையின் வாயைத் தொடர்ந்து இடித்துக்கொண்டிருப்பார். நடையில் கை குதிரையின் தலையோடு போய்வர வேண்டும். டிராட் என்னும் துள்ளுநடையில் நேர்மாறு. அதில் தலை அநேகமாக ஒரே இடத்தில் நிற்கும், எழுந்து உட்காருவது மனிதர்தான். அப்போது கை அப்படியே இருக்க, முழங்கை மட்டும் திறந்து மூட வேண்டும். இதைத் தெரியாதவர்கள் எழும்போதெல்லாம் கையையும் கூடத் தூக்கிக்கொண்டு போவார்கள். வாரைத் தொங்கவிட்டால் மென்மை என்று நினைப்பதும் சரியில்லை. தொங்கும் வார் அடுத்த நொடியில் வெடுக்கென்று விறைக்கும். அந்த வெடுக்கை எதிர்பார்த்தே குதிரை பயந்திருக்கும். சங்கராந்திக்குச் சால் குடியிருப்பின் மொட்டைமாடியில் பட்டம் விடும் பையன் விரல்களில் நூலின் கனம் எப்போதும் இருக்கும், கூடுவதும் குறைவதும் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வாரிலும் அவ்வளவு கனம்தான் வேண்டும். சீராக, பேச்சுத் தொடர்பு அறாமல்.

வேலூர்ப் பக்கத்து முன்னாள் படைவீரர் ஒருவர் சொல்லிக்கொடுப்பதை வெகுநாள் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடமிருந்து அவர் முதலில் வாரைப் பிடுங்கிவிடுவார். குதிரையை நீளக் கயிற்றில் கட்டித் தன்னைச் சுற்றி வட்டமாக ஓடவிட்டு, மேலே இருப்பவரின் அங்கவடிகளையும் கழற்றிவிடுவார். லஞ்சிங் என்பது இதற்குப் பெயர். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி, உலகத்திலேயே மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று, அங்கே சேரும் மாணவர்களை மாதக்கணக்கில் இப்படித்தான் வாரும் அங்கவடியும் இல்லாமல் உட்கார வைக்கிறார்கள். நம் ஊரில் பெற்றோர் இரண்டாவது வகுப்பிலேயே பிள்ளை எப்போது தாண்டும் என்று கேட்கிறார்கள். அவர் அசைந்துகொடுக்க மாட்டார். “கையை வுடுங்க தம்பி, ஒண்ணும் ஆவாது” என்பார். “மொதல்ல மூச்ச வுடுங்க. நீங்க மூச்ச புடிச்சா அது என்னான்னு நெனைக்கும்? எங்கியோ புலி வருதுன்னு நெனைக்கும்.” அப்படியும் இறுகியே இருப்பவர்களைப் பாடச் சொல்வார். வெட்கப்பட்டுக்கொண்டே ஒருவர் இளையராஜா பாட்டு ஒன்றை ஆரம்பிப்பார். பாடுகிற ஆள் மூச்சை விட்டே ஆக வேண்டும். இரண்டு வரி போவதற்குள் தோள் இறங்கும். அதற்கடுத்த சுற்றில் குதிரையின் கழுத்து இறங்கும்.

இது வெறும் நம்பிக்கையல்ல. சுவீடனின் வேளாண் பல்கலைக்கழகத்தில் லிண்டா கீலிங் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்கள் குதிரைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை கூட்டிச்செல்ல வேண்டும். சிலர் ஏறிப் போனார்கள், சிலர் பிடித்து நடத்திப் போனார்கள். நான்காவது முறைக்கு முன்னால் அவர்களிடம், இந்தத் தடவை குதிரை கடக்கும்போது ஒரு குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். குடை விரிக்கப்படவேயில்லை. ஆனாலும் அந்த நான்காவது நடையில் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது; கூடவே குதிரைகளின் இதயத்துடிப்பும் ஏறியது. குடை பற்றிக் குதிரைக்கு யாரும் சொல்லவில்லை. தன்மேல் ஈ உட்காருவதை உணர்ந்து அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டக்கூடிய பிராணி அது. தொடையின் நடுக்கம் அதற்குத் தெரியாமல் போகுமா?

மும்பையில் சவாரி கற்கிறவர்களுக்குக் கிடைக்கும் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றவை. 1883இல் அமைந்த மகாலட்சுமி பந்தயத் திடலும், அதே வளாகத்தில் 1942 முதல் இருக்கும் அமெச்சூர் ரைடர்ஸ் கிளப்பும்தான் இந்த நகரத்துக் குதிரையேற்றத்தின் மையம். மான்குர்திலிருந்து போக ஹார்பர் வண்டியில் குர்லா, அங்கிருந்து தாதர், அங்கே மாறி மகாலட்சுமி. ரயில் மேம்பாலத்திலிருந்து பார்த்தாலே பச்சை தெரியும். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதற்குச் சொல்லித்தந்த இலக்கணமே வேறு. ஜாக்கி சேணத்தில் உட்காருவதில்லை. குட்டையான அங்கவடியில் எழும்பி நின்று, வாரை இறுக்கிக் கழுத்தின்மேல் ஊன்றிக்கொள்கிறார். அந்த இறுக்கத்தின்மேல் சாய்ந்துதான் குதிரை வேகமெடுக்கப் பழகியிருக்கிறது. அதாவது, வார் இறுகினால் ஓடு. நாளைக்கு அதே குதிரைமேல் ஒரு கல்லூரி மாணவி ஏறுகிறார். குதிரை சற்று வேகமாகப் போகிறது. பயத்தில் இழுக்கிறார். குதிரை கற்ற பாடப்படி இன்னும் வேகமெடுக்கிறது. முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கிவிடுகிறது. பாவம், அது சொன்னதைக் கேட்ட குதிரை.

அப்படி ஒரு பழுப்புப் பெண்குதிரை. மைதானத்தின் ஒரு மூலையில் கம்பியில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூலை வந்தால் உள்பக்கம் ஒதுங்கி, தலையைத் தூக்கி, அடியைக் குறுக்கும். மேலே இருந்தவரும் அந்தத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலூர்க்காரர் முதலில் அதைத்தான் நிறுத்தினார். “பாயில என்னா சார் இருக்குது? போற வழியப் பாருங்க.” அப்புறம் மூலையை விட்டுவிட்டு, நடுவில் இருபது மீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் போடச் சொன்னார். நேர்கோட்டில் ஓடுகிற குதிரையை நிறுத்த வாயை இழுக்க வேண்டியிருக்கிறது. வட்டத்தில் வளைவே வேகத்தைக் குறைத்துவிடும். உள்பக்கக் கெண்டைக்காலால் விலாவை லேசாகத் தொட வேண்டும். அதே நொடியில் உள்பக்க வாரை இரண்டு விரற்கடை விட்டுக்கொடுத்து, மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். நிதானப்படுத்த வேண்டுமென்றால் இழுக்கக் கூடாது. இடுப்பின் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்து மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். ஏறத்தாழ ஆறேழு வட்டம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து உள்பக்கக் காது பின்னால் திரும்பி மேலே இருப்பவரிடம் நின்றது. தாடை அசைந்தது, இரும்பைச் சப்புகிற சத்தம் வந்தது. கழுத்து ஒரு கையளவு கீழே வந்தது. பிறகு மூக்கால் பர்ரென்று நீளமாக ஊதியது. அதுவரை குத்திக் குத்தித் தூக்கிப்போட்ட துள்ளுநடை திடீரென்று உட்காரத்தக்கதாக மாறியது. சேணத்துக்கு அடியில் முதுகு மேலே வந்து நின்றது. உடனே அவர் கையைத் தட்டி, “போதும், வார நீளமா வுட்டு நடக்க வுடுங்க” என்றார். அன்றைய பாடம் அவ்வளவுதான். இன்னும் ஒரு சுற்று, இன்னும் கொஞ்சம் நல்லா என்கிற ஆசைதான் பல குதிரைகளைக் கெடுத்திருக்கிறது. தளர்ந்த நொடியில் ஓய்வு கிடைக்கும் என்று தெரிந்த குதிரை அடுத்த நாள் சீக்கிரமே தளரும்.

இருப்பையும் கையையும் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. வலியில் இருக்கும் குதிரையை எந்த நல்ல இருப்பாலும் தளர்த்த முடியாது. கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். சேணம் தோள்பட்டையில் அழுத்தலாம். வயிற்றில் புண் இருக்கலாம். பந்தயக் குதிரைகளில் இது மிகச் சாதாரணம். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும், மேய்ந்துகொண்டே இருப்பதற்காக உண்டான வயிறு அது. லாயத்தில் அடைத்து நேரத்துக்கு நேரம் தானியம் போட்டு, நடுவில் வெறும் வயிற்றோடு விட்டால் புண் வராமல் என்ன செய்யும்? ஆகவே முதலில் கால்நடை மருத்துவர், பிறகு ஆசிரியர். பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. மகாலட்சுமி திடல் அமைந்த அதே 1880களில் தொடங்கியது. குதிரைகளின் நகரமாக பம்பாய் இருந்த காலத்தில் ஓடுவதற்கு ஓரிடமும் நோய் தீர்க்க ஓரிடமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. தாராவியிலும் மான்குர்திலும் இருக்கும் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. அந்த ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் காயல் துறைமுகம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் வருடத்துக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும் வருட முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த விலை உயர்ந்த குதிரைகள். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லாததையே அவர் காரணமாகச் சொல்கிறார். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனாலும் சங்ககாலப் பட்டினப்பாலையிலேயே குதிரைகள் கடல்வழி புகாருக்கு வந்திறங்குகின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரை, மேலே வீரன், கீழே புலியோடு போர். கல்லில் இதைவிடப் பெரிய சாதனை இருக்க முடியுமா என்று தோன்றும். சிற்பிகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் குதிரையோடு பழகிய பிறகு அந்த மண்டபத்தில் நின்றால், முன்கால் தூக்கி, கண் பிதுங்கி, வாய் திறந்து நிற்கும் அந்த உருவங்களில் போர்க்களத்தின் பயம்தான் முதலில் தெரிகிறது. போருக்கு அது பொருந்தும். நம் கண்ணோ அதையே குதிரையின் கம்பீரம் என்று பழகிவிட்டது. கல்யாண வீதியில் பதறும் குதிரையைப் பார்த்து ஆடுகிறது என்று மகிழும் கண், அந்தப் பழக்கத்தில் வந்தது என்றே நினைக்கிறேன். எல்லா ஊரிலும் இப்படித்தான். கிரேக்கத்தில் சுமார் 2,400 வருடத்துக்கு முன்னால் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய செனபோன், அவரும் ஒரு படைத்தலைவர்தான், கோபத்தோடு குதிரையை நெருங்கவே கூடாது என்றும், வற்புறுத்திச் செய்ய வைத்தது எதுவும் அழகாகாது என்றும் மன்றாடியிருக்கிறார். ஊரில் எல்லாரும் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த மன்றாட்டே சாட்சி.

வேறு கம்பீரம் உண்டு என்று நாடு முழுக்க ஒரு நாள் பார்த்தது. 2023 செப்டம்பர் 26, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. டிரஸ்ஸாஜ் என்னும் நடைப்பயிற்சிப் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. அனுஷ் அகர்வாலா, ஹ்ரிதய் சேடா, திவ்யக்ருதி சிங், சுதிப்தி ஹஜேலா. நால்வரும் இளைஞர்கள், ஹ்ரிதய் நம் மும்பைப் பையன். 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியா வென்ற முதல் தங்கம் அது. டிரஸ்ஸாஜில் தாண்டுவதில்லை, விரைவதில்லை. குதிரை நடக்கிறது, துள்ளுகிறது, குறுக்காக நழுவுகிறது, நிற்கிறது. மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாததுபோல் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்த்த பலரும் இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். இதுவரை சொன்னதெல்லாம்தான் அதில் இருக்கிறது.

அந்த உலகமும் சுத்தமானதில்லை. பிரிட்டனுக்காக மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் காலில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளியானதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். சர்வதேசக் கூட்டமைப்பு அவரை ஒரு வருடம் தடை செய்தது. வசதிக்கும் வாய்ப்புக்கும் குறைவில்லாத இடத்திலும் பொறுமை தீர்ந்தால் கை கடினமாகிறது.

மும்பையில் குதிரைகளின் காலம் முடிந்தது என்று சொல்கிறார்கள். 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் விக்டோரியா வண்டிகளைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. கொலாபாவிலும் நரிமன் பாயிண்டிலும் தார்ச்சாலையில் வழுக்கி வழுக்கி ஓடிய அந்தக் குதிரைகளை நினைத்தால், அது சரியான தீர்ப்பு. ஆனால் வண்டி போனதோடு குதிரை போய்விடவில்லை. 1932இல் கலைக்கப்பட்ட குதிரைப்படைக் காவல் பிரிவை 2020இல் மும்பைப் போலீஸ் மறுபடியும் ஆரம்பித்தது; அந்தக் குடியரசு தினத்தில் சிவாஜி பூங்காவில் அணிவகுத்தார்கள். கல்யாணக் குதிரைகளோ வருடம் தவறாமல் வருகின்றன. காவலரோ மாப்பிள்ளையோ கிளப் மாணவியோ, மேலே ஏறுகிறவர் யாராக இருந்தாலும் குதிரையின் வாயில் அந்த வெற்று ஈறு ஒன்றுதான். ஒருவருக்கு லஞ்ச் கயிறும் ஆசிரியரும் மாதக்கணக்கில் கிடைக்கும். இன்னொருவருக்கு ஐந்து நிமிஷம் சொல்லித்தரக்கூட ஆள் கிடையாது. மண்டியிட்டு நகம் சுரண்டி, ராத்திரி லாயத்திலேயே படுத்துக் குதிரையின் மூச்சுச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் காணும் குதிரைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கல்வி முதலில் போய்ச் சேர வேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது.

வாசகர்களிடம் கேட்பது இரண்டு. பிள்ளையைச் சவாரிக்கு அனுப்புகிறவர்கள், தாண்டுவது எப்போது என்று கேட்பதற்கு முன், வார் இல்லாமல் நீளக் கயிற்றில் எத்தனை வகுப்பு உட்கார வைப்பீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கல்யாணத்துக்குக் குதிரை பேசப் போகிறவர்கள், இப்போது நம் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த ஆசை வந்துவிட்டது, முன்பணம் கொடுப்பதற்கு முன் கடிவாளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விரலால் தடவிப் பாருங்கள். முள் இருந்தால் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஜானவாசத்துக்கு நம் தாத்தாக்கள் திறந்த காரில்தான் போனார்கள். நம் பிள்ளைகளும் அதிலேயே போகட்டும்.